ஒன்பதும் சேர்த்தி

சித்த அக்கட்ட தள்ளிக்குங்க, இந்தச் சாப்பாட்டுப் பையை நடுவுல வெச்சுக்கறேன். ஆச்சு, போதுமுங்க. கோயமுத்தூர் வரைக்குமுங்களா? நாங்களும் அங்கதான். நாங்கன்னா நானும் என்ற பொண்ணும். இதா, நம்ம முன் சீட்டுல ஜன்னலோரம் பச்சைச் சுடிதார்ல உக்காந்திருக்குதே, அதுதானுங்க. பேரு நிரஞ்சனா. எஞ்சினியரிங் ரெண்டாவது வருசம் படிக்குது.

பக்கத்துல எடம் காலியாத்தான இருக்குது, இந்த ஆளு ஏன் அங்க உக்காரலைன்னு பாக்கறீங்க. கோபியில இருந்து குன்னத்தூர் வரைக்கும் அங்கதானுங்க உக்காந்திருந்தேன். நாயம் பேச ஆளில்லை. நாம கேட்டா பதில் சொல்லும், கேக்கலைன்னா கம்முனு இருக்கும். எனக்கு வாயை மூடிட்டு உக்காந்து பழக்கமில்லைங்க, வாத்தியார் சோலி. அதான் எந்திரிச்சு உங்ககிட்ட வந்துட்டேன். நாம பேசறது அதுக்குக் கேக்கும்தான். கேட்டா என்ன, ஒண்ணும் நெனச்சுக்காது.

எங்க போறோம்னா, டாக்டர்கிட்ட. காய்ச்சல் கீய்ச்சல் எல்லாம் இல்லைங்க. மனசு டாக்டர்னு சொல்றாங்களே, அவரு. எல்லாம் எங்கூட்டுக்காரி வளர்மதி பண்ற ரவுசு. பொண்ணு பேசறதில்லை, பொண்ணு பேசறதில்லைன்னு ஒரே அழுகை. பேசாம என்னங்க? எதைக் கேட்டாலும் பதில் வருது. ஒருக்காக் கூட எதுத்துப் பேசறதில்லை. ஊர்ல அவனவன் புள்ளை சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குதுன்னு டாக்டர்கிட்டப் போறான். சொன்ன பேச்சைக் கேக்குதுன்னு கூட்டிட்டுப் போற மொத ஆளு நானாத்தான் இருப்பேன்.

உங்களுக்குப் பசங்க? பையன் பிளஸ் டூ முடிச்சிருக்கானா? என்ன சேத்தறதா உத்தேசம்? அட, டிசைனிங்கா! அப்ப நல்ல ஆளுகிட்டத்தான் மாட்டியிருக்கறீங்க. நிரஞ்சனாவும் அதேதானுங்க. பொருள் டிசைன் பண்ற எஞ்சினியரிங். நாற்காலி, குக்கர் கைப்பிடி, தண்ணி பாட்டில் மூடி, இதெல்லாம் எப்படி இருந்தா மனுசனுக்குத் தோதுன்னு யோசிச்சு வரையற படிப்பு. ஆனா அவங்களுக்கும் மொத வருசத்துல கம்ப்யூட்டர் புரோகிராமிங் ஒரு பாடம் உண்டு, தப்பிக்க முடியாது. எங்க காலேஜ்ல அந்தப் பாடம் எடுக்கறது நான்தான். குழந்தைவேல்னு பேரு. உங்க பையன்கிட்ட இப்பவே சொல்லி வைங்க, நல்லா வரையத் தெரிஞ்சா மட்டும் போதாது, லேப்ல ஒழுங்கா ரெக்கார்டு எழுதோணும். அங்கதான் இந்த டிசைன் புள்ளைக கவுந்து போறாங்க.

என்ற பொண்ணு என்ற கிளாஸ்லயே வந்து உக்காந்துருச்சு. வாத்தியார் புள்ளை மக்கு, வைத்தியர் புள்ளை சீக்குன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு இருக்குதுங்களே, அது பயம் ஒரு பக்கம். மார்க்கு அள்ளிப் போடறாருன்னு சொல்லிப்போடுவாங்களேன்னு இன்னொரு பக்கம். அதனால மொத நாளே சொல்லிப்போட்டேன். "அம்மிணி, காலேஜ் கேட்டுக்குள்ள போயிட்டா நான் அப்பா இல்லை, சார். வீட்டுக்கு வந்தா அப்பா." சிரிச்சுச்சு. "அப்ப பைக்ல போறப்ப என்னங்கப்பா?"ன்னு கேட்டுச்சு. அப்பெல்லாம் அப்படித்தானுங்க, எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி. ஏனுங்கப்பா, ஏனுங்கப்பான்னு சின்ன வயசுல இருந்தே நச்சு. டப்பா மூடி ஏன் வட்டமா இருக்குது, பஸ்சுல மேல் கம்பி ஏன் அம்மாளுக்கு எட்ட மாட்டேங்குது. வளர்மதி பதில் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போவா. எனக்கு அந்தப் பொறுமை கெடையாதுங்க.

மொத கிளாஸ் நான் வருசா வருசம் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பேன். புரோகிராம்னா என்ன? கம்ப்யூட்டருக்கு நாம வரிசையாச் சொல்ற வேலை. டீ போடறதையே எடுத்துக்குவோம். பால் காய்ச்சு, டீத்தூள் போடு, சர்க்கரை போடு, வடிகட்டு. முடிஞ்சுது. எந்த மரமண்டைக்கும் ஏறிரும். நிரஞ்சனா கையைத் தூக்குச்சு. "சார், டீ யாருக்குங்க சார்?" யாருக்கா இருந்தா என்ன? "இல்லைங்க சார், குடிக்கறவங்களுக்குச் சுகர் இருந்தா சர்க்கரை போடற வேலையை விட்டுடோணுமில்லைங்களா?" கிளாஸே சிரிக்குது. அந்த டிபார்ட்மென்ட்ல அப்படிச் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கறாங்க, எதைச் செஞ்சாலும் யாருக்குன்னு கேக்கோணுமாம். அது கேட்டது 'இப்படி இருந்தா இதைச் செய்'னு பின்னால வர்ற பாடம்தான். பின்னால வர்றதை முன்னால கேட்டா எப்படிங்க? உக்காருன்னேன், உக்காந்துச்சு.

அன்னிக்கே இன்னொண்ணும் சொல்லுவேன். கம்ப்யூட்டருக்குச் சொந்த புத்தி கெடையாது. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது, ஏன்னு கேக்காது. நிறுத்துன்னு சொல்ல மறந்துட்டீங்கன்னா நிறுத்தாம செஞ்சுட்டே கெடக்கும். "நல்ல ஸ்டூடண்டுக்கும் அதுதான் லட்சணம்"னு ஒரு ஜோக் அடிப்பேன், வருசா வருசம் சிரிப்பாங்க. "நாம தப்பாச் சொல்லிட்டா சார்?"னு நிரஞ்சனா கேட்டுச்சு. தப்பாவே செய்யும்னேன். அதையும் நோட்ல எழுதிக்கிச்சு.

அப்பறம் இந்த ஹேஷ் குறி. போன்ல கூட இருக்குமே, நட்சத்திரத்துக்குப் பக்கத்துல. புரோகிராம்ல அதைப் போட்டுட்டு எழுதினா கம்ப்யூட்டர் அந்த எழுத்தைக் கண்டுக்காது. பின்னால படிக்கப்போற மனுசனுக்கு, இந்த வரி எதுக்குன்னு நாம எழுதி வெக்கற குறிப்பு. மத்த புள்ளைக ஒண்ணும் எழுத மாட்டாங்க. இது மட்டும் வரிக்கு வரி எழுதும். இங்க ஏன் மறுபடி மொதல்ல இருந்து பாக்கறோம்னா, அங்க ஏன் நிறுத்தறோம்னான்னு ஒரே வியாக்கியானம். புரோகிராம் சுண்டைக்காய் அளவு, குறிப்பு பூசணிக்காய் அளவு. அளவாப் பேசு அம்மிணின்னு வீட்லயும் சொல்லுவேன், லேப்லயும் சொல்லுவேன்.

இப்ப ரெக்கார்டு விசயத்துக்கு வர்றேன். உங்க பையனுக்கும் உதவும், கேளுங்க. வலப்பக்கம் கோடு போட்ட தாள், அதுல புரோகிராமைப் பேனால எழுதோணும். இடப்பக்கம் வெள்ளைத் தாள், அதுல புரோகிராம் ஓட்டினா வர்ற விடையைப் பென்சில்ல எழுதோணும். ஓட்டிப் பாத்துத்தான் எழுதோணும்ங்கறது சட்டம். நடக்கற காரியமுங்களா? பாதி மெஷின் உசுரு வராது, வந்தா கரண்டு போயிரும். அதனால லேப் மேனுவல்னு நாங்க ஒரு புஸ்தகம் அடிச்சுக் குடுத்துருவோம், அதுல புரோகிராமும் இருக்கும், விடையும் இருக்கும். புள்ளைக அதைப் பாத்து வீட்லயே ரெண்டு பக்கமும் எழுதிட்டு வந்துருவாங்க. முன் ஏர் போன வழியில பின் ஏர். நான் கையெழுத்துப் போடுவேன். என்ற கையெழுத்து இல்லாத ரெக்கார்டோட லேப் பரீட்சைக்குள்ள காலு வெக்க முடியாது.

அந்த மேனுவல்ல ஒரு புரோகிராம். இருபதுக்குள்ள இருக்கற பிரைம் நம்பர் எல்லாத்தையும் எழுதிக் காட்டற புரோகிராம். பிரைம்னா ஒண்ணையும் தன்னையும் விட்டா வேற எதாலயும் வகுபடாத எண். ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, அப்பறம் பதினொண்ணு, இப்படிப் போகோணும். மேனுவல்ல அச்சானது ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, ஒன்பது, பதினொண்ணு. ஒன்பதும் சேர்த்தி. மும்மூணு ஒன்பதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? எம்.ஈ. படிச்சிருக்கறேன். புரோகிராம் சரிதான். மேனுவல் அடிக்கறப்ப சிஸ்டம் ஓடலை, விடையைக் கையில டைப் அடிச்சது, ஒரு எண் எச்சா விழுந்துருச்சு. அட்டையில தொகுத்தவர்னு என்ற பேரு இருக்குது, அவ்வளவுதான். வருசா வருசம் அத்தனை புள்ளைகளும் ஒன்பதைப் பென்சில்ல எழுதினாங்க, நானும் கையெழுத்துப் போட்டேன். வெளிக் காலேஜ்ல இருந்து பரீட்சை வெக்க வர்றவங்களும் போட்டாங்க. ஒருத்தரும் வாயைத் திறக்கலை.

இது வாயைத் திறந்துச்சு. ஒரு ஞாயித்துக்கெழமை காலையில, நான் பேப்பர் படிச்சுட்டு இருக்கறேன், லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து மடியில வெக்குது. "அப்பா, ஓட்டிப் பாத்தேன். ஒன்பது வர்லைங்கப்பா. எப்படி ஓட்டினாலும் வர்லை." மொகமெல்லாம் சிரிப்பு. என்னமோ பொதையல் கண்டுபுடிச்ச மாதிரி. நான் சொன்னேன், "லேப் விசயத்தை லேப்ல சாருகிட்டப் பேசு. இங்க அப்பா பேப்பர் படிக்கறேன்." "சரிங்க, நாளைக்குச் சாருகிட்டயே கேட்டுக்கறேன், அந்தாளு ஒரு சிடுமூஞ்சி"ன்னுட்டு உள்ள ஓடுச்சு. சமையக்கட்டுல அம்மாளும் மகளும் ஒட்டுக்காச் சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. எங்கூட்ல அப்பெல்லாம் சத்தம் எச்சாத்தானுங்க.

மறுநா லேப்ல ரெக்கார்டை நீட்டுச்சு. இடப்பக்கத்துல ஒன்பது இல்லை. இல்லாட்டிப் போகுதுன்னு விட்டிருக்கலாம், கீழ ஒரு படம் வேற. ஒன்பது பொத்தானு, சட்டைப் பொத்தானு, மூணு மூணா மூணு வரிசை. என்ன நேர்த்திங்கறீங்க, நூல் கோக்கற ஓட்டை மொதக்கொண்டு வரைஞ்சிருக்குது. பக்கத்துல ஏழு பொத்தானு, எப்படி அடுக்கினாலும் ஒண்ணு துருத்திட்டு நிக்குது. யாரு பாத்தாலும் வெளங்கிரும், ஏழு ஏன் பிரைம், ஒன்பது ஏன் இல்லைன்னு. சுத்தியும் புள்ளைக நிக்கறாங்க, எட்டிப் பாத்துட்டு "அட ஆமா!"ங்கறாங்க. எனக்குச் சுருக்குனு வந்துருச்சு. "இதென்ன ட்ராயிங் கிளாஸா?"ன்னேன்.

"இல்லைங்க சார். மேனுவல்ல ஒன்பது தப்பா விழுந்திருக்குதுங்க சார்."

"மேனுவல்ல என்ன இருக்குதோ அதை எழுது."

"மெஷின் சொல்லலைங்களே சார்."

"கையெழுத்து மெஷின் போடுமா, நான் போடுவேனா?"

பேனாவை எடுத்துப் பொத்தானு மேல குறுக்கே ஒரு செவப்புக் கோடு இழுத்தேன். வேற பொண்ணா இருந்தா இவ்வளவு செஞ்சிருக்க மாட்டேன். சொந்தப் பொண்ணுங்கறதால செய்யோணும், அல்லாரும் பாத்துட்டு இருக்கறாங்க. "திருப்பி எழுதிட்டு வா, ஒன்பது போட்டு"ன்னேன்.

நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கோணும். அந்த வருசம் பாத்துக் காலேஜுக்குத் தரம் போடற குழு வர்றதா இருந்துச்சு. எங்க எச்ஓடி மேடம் தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க, "ரெக்கார்டு எல்லாம் ஒரே மாதிரி இருக்கோணும் சார், ஒண்ணு மாறினாலும் எது சரின்னு கேள்வி வரும்"னு. ஒண்ணுல ஒன்பது இல்லைன்னு வைங்க, மத்ததெல்லாம் தப்புன்னு ஆகும். மத்ததெல்லாம் தப்புன்னா பழைய வருசத்து ரெக்கார்டும் தப்பு, அதுல இருக்கற என்ற கையெழுத்தும் தப்பு. ஒரு ஒன்பதுக்கு இத்தனை பேரைத் தப்பாக்கோணுமா? எல்லாரும் தப்பா எழுதிட்டா அது தப்பே இல்லைங்க, அது ஒரு முறை. ஊரோட ஒத்து வாழோணும்.

கூடப் படிக்கற புள்ளைகளும் கெஞ்சினாங்க, "போட்டுத் தொலையேன்டி, ஒரு ஒன்பதுதானே"ன்னு. தர்ஷனான்னு அதுக்கு ஒரு சிநேகிதி, அவளே பென்சிலை எடுத்து எழுதப் போனாளாம், இது பிடுங்கிக்கிச்சாம். மேடத்துகிட்டப் போயி நின்னுச்சு. "அப்பா சொல்றதைக் கேளும்மா, குழு போனதுக்கப்பறம் பாத்துக்கலாம்"னு தாட்டி அனுப்பிட்டாங்க. வீட்ல வளர்மதி என்னைப் புடிச்சுக்கிட்டா. "புள்ளை சரியாத்தானே சொல்லுது, போட்டுக் குடுங்களேன்." நான் சொன்னேன், "உம் புள்ளைன்னு சலுகை காட்டச் சொல்றயா?" நிரஞ்சனா அப்பவும் ஒண்ணுதான் கேட்டுச்சு. "அப்பா, உங்களுக்குத் தெரியுமில்லைங்க, ஒன்பது இல்லைன்னு? எனக்கு அது மட்டும் சொல்லுங்கப்பா. வீட்லதானே இருக்கறோம்." நான் டிவி சத்தத்தைக் கொஞ்சம் எச்சா வெச்சேன். அடியாத மாடு படியாதுங்க. நான் அடிக்கக் கூட இல்லை, பதில் சொல்லலை, அவ்வளவுதான்.

பரீட்சை வந்துச்சு. எங்க லேப்ல செருப்பைக் கழட்டி வெளிய விட்டுட்டுத்தான் உள்ள வரோணும், தூசு ஆகாதுன்னு. எல்லாப் புள்ளைகளும் கழட்டிட்டு உள்ள வந்துட்டாங்க. இது மட்டும் வெளிய, அத்தனை செருப்புக்கும் நடுவால, செருப்பைப் போட்டுட்டு ரெக்கார்டை மாரோட அணைச்சுட்டு நிக்குது. கண்ணாடிக் கதவு பாருங்க, நல்லாத் தெரியுது. அழுகலை. என்னையே பாத்துட்டு நிக்குது. வெளிக் காலேஜ்ல இருந்து வந்தவரு, "அது யாருங்க சார், வெளிய ஒரு பொண்ணு?"ன்னு கேட்டாரு. "ரெக்கார்டு முடிக்கலைங்க சார்"னு சொன்னேன். ஏசி வெளிய போகுது, அந்தத் திரையை இழுத்து விடுங்கன்னு லேப் அசிஸ்டெண்டுகிட்டச் சொன்னேன். இழுத்து விட்டாங்க.

எனக்கு அன்னிக்கு ஒண்ணும் தோணலைங்க. வருத்தமும் இல்லை, கோவமும் இல்லை. கை பாட்டுக்குக் கேள்விச் சீட்டு குடுத்துட்டு இருந்துச்சு. சாயங்காலம் பைக்கை எடுக்கறப்ப பின்னால வந்து உக்காந்துச்சு. வீட்ல சோத்துக்கு உக்காந்தோம். "தயிர் ஊத்திக்கோ அம்மிணி"ன்னேன். "சரிங்க சார்"னுச்சு.

வெளையாட்டுன்னு நெனச்சேன். நானும் சிரிச்சேன். வளர்மதி மட்டும் கரண்டியைக் கீழ வெச்சுட்டா. மறுநா காலையிலயும் சார். பொங்கலுக்கு எங்க தங்கச்சி குடும்பம் ஒறம்பரைக்கு வந்திருக்கறாங்க, அவங்க முன்னாலயும் சார். "என்ன கண்ணு, அப்பனைப் போயி சாருங்கறே?"ன்னு தங்கச்சி கேட்டா. அதுக்கும் "சரிங்க அத்தை"ன்னுச்சு. ஆனா அப்பான்னு கூப்பிடலை. நானும் விட்டுட்டேன். மரியாதையான வார்த்தைதானுங்களே.

குழு வந்தாங்க, போனாங்க. ரெக்கார்டு அடுக்குல இருந்து ஒண்ணை உருவி, தாளைத் தள்ளுனாங்க, இளநி குடிச்சாங்க. நல்ல தரம் குடுத்துட்டாங்க. ஒன்பது இருந்துச்சா பத்து இருந்துச்சா, ஒருத்தரும் பாக்கலை.

அடுத்த செமஸ்டர்ல அரியர் பரீட்சை. இந்த வாட்டி ரெக்கார்டு பளிச்சுனு இருந்துச்சு. ஒன்பது போட்டிருந்துச்சு, பொத்தானும் இல்லை, கித்தானும் இல்லை. உடனே கையெழுத்துப் போட்டேன். பரீட்சைக்கு வந்துச்சு, செருப்பைக் கழட்டி வரிசையா விட்டுட்டு வந்து சீட்டு எடுத்துச்சு. பாருங்க விதியை, அதே பிரைம் நம்பர் வந்து நிக்குது. எனக்குத் திக்குனு ஆயிப்போச்சு. ரெக்கார்டுல எழுதறது வேற, இங்க வெளிக் காலேஜ்ல இருந்து வந்த எக்ஸ்டர்னல் முன்னால மெஷினை ஓட்டிக் காட்டோணும். மெஷின்ல ஒன்பது வராது, மேனுவல்ல இருக்குது, மறுபடி இது வாயைத் திறந்துச்சுன்னா?

டைப் அடிச்சு முடிச்சுது. எக்ஸ்டர்னல் வந்து ஓட்டுங்கன்னாரு. ஓட்டுச்சு. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, ஒன்பது, பதினொண்ணு. ஆமாங்க, ஒன்பதும் சேர்த்தி! அவரு மேனுவலைப் பாத்தாரு, மெஷினைப் பாத்தாரு, ரெண்டும் ஒண்ணு. "வெரி குட்"னு டிக் அடிச்சுட்டு அடுத்த பையன்கிட்டப் போயிட்டாரு.

நான் குனிஞ்சு புரோகிராமைப் படிச்சேன். மேனுவல்ல இல்லாத ஒரு வரி நடுவுல இருந்துச்சு. எண் ஒன்பதா இருந்தா வகுத்துப் பாக்காதே, அப்படியே எழுதிரு. அவ்வளவுதான் அந்த வரி. அதுக்கு நேரா ஒரு ஹேஷ் குறி போட்டிருந்துச்சு. குறிப்பு எழுத. ஆனா குறிப்பு ஒண்ணும் எழுதலை. வெறும் ஹேஷ், அப்பறம் காலி. மேல கீழ தேடிப் பாத்தேன், வேற எங்கயும் ஒரு வார்த்தை எழுதலை. நேரம் பத்தலை போல. ஒரு நிமிசம் எனக்குக் காதடைச்ச மாதிரி இருந்துச்சுங்க. வெயில் நேரம், காலையில ஒழுங்காச் சாப்பிடலை. அப்பறம் சரியாப் போச்சு.

முழு மார்க்கு. எக்ஸ்டர்னல் குடுத்தது, நானாக் குடுக்கலை. போறப்ப ஜிலேபி வாங்கிட்டுப் போனேன், அதுக்கு உசுரு ஜிலேபின்னா. எடுத்துக்கோ அம்மிணின்னேன், ஒண்ணு எடுத்துத் தின்னுச்சு. இன்னொண்ணு எடுத்துக்கோன்னேன், எடுத்துக்கிச்சு. தின்னு, எத்தனை வேணும்னாலும் தின்னுன்னுட்டு நான் போன் பேசப் போயிட்டேன். வளர்மதி கத்தற சத்தம் கேட்டு வந்து பாக்கறேன், பொட்டி காலியாகப் போகுது, கண்ணுல தண்ணி முட்டி நிக்குது, தின்னுட்டே இருக்குது. "போதும்னு சொல்லித் தொலைங்களேன்! நீங்க சொன்னாத்தானே நிறுத்தும்!"னு அவ என்ற சட்டையைப் புடிக்கறா. போதும் அம்மிணின்னேன். சரிங்க சார்னு கைல இருந்ததை அப்படியே பொட்டியில வெச்சுருச்சு. ஒரு ஜிலேபிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமுங்களா? அன்னிக்கு ஆரம்பிச்சதுதான் இந்த டாக்டர் பேச்சு.

வரையறதா? இல்லைங்க, இப்ப வரையறதில்லை. காலேஜ்ல வரையச் சொன்னா வரையுது. எப்படி வரையோணும்னு சொல்லோணும். அதோட சார்மாருக அதைக் குறையாச் சொல்றாங்க. நமக்கென்னங்க, பாஸ் பண்ணினாச் சரி.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்த மேனுவலை இந்த வருசம் மாத்தியாச்சு. மீட்டிங்ல நானே சொன்னேன், இப்படி ஒரு எண் எச்சா இருக்குதுன்னு. மேடம் டீ குடிச்சுட்டே "எடுத்துருங்க சார்"னாங்க. எடுத்தாச்சு. டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுது. இப்ப மொத வருசப் புள்ளைகளுக்கு ஒன்பது இல்லாத மேனுவல்தான். பொழுதோட வீட்டுக்குப் போனதும் நிரஞ்சனாகிட்டச் சொன்னேன், சந்தோசப்படும்னு. "அம்மிணி, ஒன்பதை எடுத்தாச்சு." பாத்துச்சு. சரிங்க சார்னுச்சு. எனக்குத்தான் பொக்குனு போச்சு.

அவினாசி தாண்டிட்டம் போல. எறங்க இன்னும் நேரமிருக்குது. நீங்க ஏன் அதையே பாத்துட்டு இருக்கறீங்க? அது கையிலயே புடிச்சுட்டு வர்ற பையா? அது கோபியில ஏறறப்ப நான் புடிச்சுக்கோன்னு குடுத்தது. பக்கத்து சீட்டுல வெச்சுக்கலாம்தான், எடம் காலியாத்தான் இருக்குது. வெக்கச் சொல்லலை, அதான் வெக்கலை. பொறுப்புங்க.

என்னமோ மாதிரி பாக்கறீங்களே, நான் சொல்றது நம்பிக்கை இல்லையா? வளர்மதியும் இப்படித்தான் பாப்பா. இருங்க, உங்க முன்னாலயே கேக்கறேன். பேசுதா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க.

அம்மிணி.

பாத்தீங்களா, கூப்பிட்ட ஒடனே திரும்பிருச்சு.

அம்மிணி, ஒன்பது பிரைம் நம்பரா?

"ஆமாங்க சார்."

அட, இல்லை அம்மிணி. மேனுவலைத்தான் மாத்தியாச்சே?

"சரிங்க சார். இல்லைங்க சார்."

கேட்டீங்கல்ல? கேட்ட கேள்விக்கு டக்கு டக்குனு பதில். இதுக்குப் போயி டாக்டர் எதுக்குங்க? நீங்களே நாயமாச் சொல்லுங்க.

சரி அம்மிணி, திரும்பிக்கோ. இல்லைங்க, சொல்லோணும். சொல்லலைன்னா கோயமுத்தூர் வரைக்கும் இப்படியே நம்மளைப் பாத்துட்டுத்தான் வரும்.